இடிஞ்ச சுவர் வாசல் ஆகுமா?
(நடுவர் தீர்ப்புரை)



“ஒரு சமுதாயம் சரிந்து விழுவது புதுவாழ்வுக்கு வாசலா? பேரழிவுக்கு முன்னுரையா?” இதுதான் தலைப்பு. ஆறு பேரும் பிரமாதமாகப் பேசிட்டாங்க. ‘வாசலே’ அணித் தலைவர் ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புச் சாவு என்கிற கொள்ளைநோயைச் சாட்சிக்கு அழைத்தார். ‘முன்னுரையே’ அணியில் கடைசியாகப் பேசிய தங்கச்சியும் அதே கறுப்புச் சாவைத்தான் அழைத்தாங்க. வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே சாட்சி! அப்ப நடுவர் என்ன செய்யறது? அந்தச் சாட்சியையே கூண்டில் ஏற்றிக் கொஞ்சம் விசாரிச்சிடுவோம்.

1347 அக்டோபர். சிசிலித் தீவின் மெசினா துறைமுகம். கருங்கடல் பக்கமிருந்து ஜெனோவாக்காரர்களின் வணிகக் கப்பல்கள் வருகின்றன. சரக்கோடு நோயும் இறங்கியது. 1348-ல் அது இங்கிலாந்தில் கால் வைத்தது. நாலைந்து வருஷத்துக்குள் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஜனங்க போயிட்டாங்க. பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டில் அஞ்சாறு பேர்தான் மிச்சம். அதோடு விட்டதா? 1361-ல் திரும்பி வந்தது. அந்தத் தடவை அதிகமாக வாரிக்கிட்டுப் போனது குழந்தைகளை.

என்ன நோய், எப்படி வருது, யாருக்கும் தெரியாது. அந்தக் கிருமியை ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் கண்டுபிடித்ததே 1894-ல்தான். காரணம் தெரியாதபோது மனுஷன் காரணத்தைத் தேடமாட்டான். பழிபோட ஆளைத் தேடுவான். கிணற்றில் யூதர்கள் விஷம் கலந்துட்டாங்கன்னு வதந்தி கிளம்பியது. 1349 பிப்ரவரி 14. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்களைத் தீயில் போட்டுக் கொன்றார்கள். இதுல கொடுமை என்ன தெரியுமா? நோய் அந்த ஊருக்குள்ள அதுவரைக்கும் வரவே இல்லை! தங்கச்சி கட்சிக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேணுமா?

இருங்க, அவசரப்பட்டுக் கைதட்டாதீங்க. அடுத்த பக்கத்தையும் புரட்டணும்.

அன்றைய இங்கிலாந்தில் கிராமத்து ஜனங்களில் பெரும்பகுதி பண்ணையடிமைகள். பிரபு சொன்னால் உழணும். அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. கொள்ளைநோய்க்கு அப்புறம் கதிர் விளைஞ்சு நிக்குது, அறுக்க ஆள் இல்லை. மிஞ்சின ஆள் முதல் தடவையாக நிமிர்ந்து, “என்ன கூலி தருவீங்க?” என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் அரண்மனை ஆடிப்போச்சு. 1351-ல் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். நோய்க்கு முந்தின கூலிக்கு மேலே ஒரு காசு கேட்கக்கூடாது. கதிர் அறுக்க ஆகஸ்டு முதல் வாரம் நாளுக்கு 2 பென்னி, இரண்டாம் வாரம் 3 பென்னி, சாப்பாடு கிடையாது!

அதோட நிறுத்தினாங்களா? 1363-ல் இன்னொரு சட்டம். இன்னின்னார் இன்ன துணிதான் உடுத்தணும். உழவனுக்கும் வண்டிக்காரனுக்கும் முரட்டுக் கம்பளிதான். நம்ம வீட்டுப் பொண்ணு கட்டுற புடவையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிட்டு நாம நிம்மதியாச் சாப்பிட முடியுமா? (சிரிப்பு) அங்கேயும் முடியலை. 1365-லேயே அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க.

கூலிச் சட்டமும் ஓட்டைப் பானைதான். அபராதம் போட்டார்கள், தண்டித்தார்கள். ஆனால் ஒரு பிரபு சட்டம் பேசினால், பக்கத்துப் பண்ணைப் பிரபு ராத்திரியோடு ராத்திரியாக ரெண்டு காசு கூடக் கொடுத்து ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவார். 1381-ல் தலைக்கு ஒரு ஷில்லிங் வரி என்றதும் குடியானவர்கள் லண்டனுக்கே கிளம்பிவிட்டார்கள். தலைவன் வாட் டைலர். அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயசு 14. பேச வந்த இடத்திலேயே டைலரை வெட்டிச் சாய்த்தார்கள். கொடுத்த வாக்கை அரசன் திரும்ப வாங்கிக்கொண்டான். கலகம் தோற்றது. ஆனால் அந்தத் தலைவரியைத் தொடர அரசுக்குத் தைரியம் வரலை. அடுத்த நூறு, நூற்றைம்பது வருஷத்தில் பண்ணையடிமை முறை பெரும்பாலும் கரைந்தே போனது.

ஒரு தமிழாசிரியனாக எனக்குப் பிடிச்ச சங்கதி ஒன்று. அதுவரை அங்கே பள்ளிக்கூடப் பாடம் பிரெஞ்சு வழியாகத்தான். கொள்ளைநோய்க்குப் பிறகு ஜான் கார்ன்வால் என்கிற ஆசிரியர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றினார். 1385-ல் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள் என்று ஜான் டிரெவிசா எழுதி வைத்திருக்கிறார். நீதிமன்றத்தில் ஆங்கிலத்திலேயே வழக்காடணும் என்று 1362-ல் சட்டம் வந்தது. இன்னிக்கு உலகமே பேசுற ஆங்கிலம், அப்போ தன் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள்ள நுழையறதுக்கே காத்துக்கிட்டு நின்னிருக்கு! (கைதட்டல்)

அப்படின்னா வாசல் அணி ஜெயிச்சிடுச்சா? அங்கதான் நான் ஒரு முட்டுக்கட்டை போடறேன். அதே 1347-ல் அதே நோய் எகிப்தின் அலெக்சாண்டிரியா துறைமுகத்திலும் இறங்கியது. அங்கேயும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அங்கேயும் ஆள் பஞ்சம். புதுவாழ்வு வந்ததா? வரலை.

எகிப்து நைல் நதியை நம்பின பூமி. வெள்ளத்தைக் கரைகட்டித் தேக்கணும், வருஷா வருஷம் கால்வாய் தூர்வாரணும். ஏரிப்பாசனம் தெரிஞ்ச நமக்கு அந்த வேலையைச் சொல்லித் தரவேண்டாம். கிராமங்களின் வருமானம் மம்லூக் படைத்தலைவர்களுக்குச் சம்பளமாகப் போனது. அவர்கள் இருந்தது கெய்ரோவில். ஊர் பிள்ளைக்குப் போய்ச்சேருகிற சொத்து இல்லை. அப்புறம் கால்வாய் தூர்ந்தால் யாருக்குக் கவலை? செத்தவன் கட்டவேண்டிய வரியும் இருக்கிறவன் தலையில் விழுந்தது. தாங்காமல் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆள் குறைய வாய்க்கால் தூர்ந்தது. வாய்க்கால் தூர விளைச்சல் குறைந்தது. ஆள் குறைஞ்சா கூலி ஏறும் என்கிற கணக்கு அந்தக் குடியானவனுக்குப் பலிக்கவே இல்லை.

ஒரே நோய். ஒரே வருஷங்கள். ரெண்டு முடிவு. ஏன்?

இலக்கணத்துக்கு வாங்க. ‘சரிவால் வந்தது’ என்றால் மூன்றாம் வேற்றுமை. சரிவுதான் அதைச் செய்தது என்று பொருள். ‘சரிவுக்குப் பின் வந்தது’ என்றால் காலக்கணக்கு, அவ்வளவுதான். மாப்பிள்ளை வந்த பிறகு மழை பெய்ததுன்னா, மாப்பிள்ளையால மழை பெய்ததுன்னு அர்த்தமா? (சிரிப்பு) சரிவுதான் புதுவாழ்வைத் தந்தது என்றால் எகிப்துக்கும் தந்திருக்கணுமே! இங்கிலாந்தில் மிஞ்சினவனுக்குப் பேரம் பேச இடம் இருந்தது, போக இன்னொரு பண்ணை இருந்தது, தோற்றாலும் கேட்கிற துணிச்சல் இருந்தது. எகிப்துக் குடியானவனுக்கு அந்த இடத்தை யாரும் விடலை.

துனிஸ் நகரத்தில் இதே நோய்க்குத் தாயையும் தகப்பனையும் பறிகொடுத்த ஒரு இளைஞர், சமுதாயங்கள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன என்று பின்னாளில் பெரிய நூலே எழுதினார். அவர்தான் இப்னு கல்தூன். கடைசிக் காலத்தில் கெய்ரோவில் நீதிபதியாகவும் இருந்தார். அழிவைக் கண்ணால் பார்த்தவர் அதற்கு நன்றி சொல்லலை. ஏன் விழுந்தோம் என்று ஆராய்ந்தார்.

நம்ம திண்ணையில, டீக்கடையில ஒரு பேச்சு உண்டு. “இந்த நாடு ஒரு தடவை அடியோட விழுந்தாத்தான் சார் திருந்தும்!” அப்படிச் சொல்றவர் தன்னையும் தன் பிள்ளைகளையும் எந்தப் பாதியில் வைத்துப் பேசுகிறார்? உயிரோட மிஞ்சின பாதியில்! செத்த பாதிக்கு எந்தப் பட்டிமண்டபத்திலும் பேச்சாளர் கிடையாது. (கைதட்டல்)

சுவர் இடிஞ்சு விழுந்தா அங்கே ஓர் ஓட்டை விழும். அந்த வழியாகக் காற்றும் வரும், திருடனும் வருவான். தச்சனைக் கூப்பிட்டு, நல்ல மரம் பார்த்து, நிலை வச்சாத்தான் அது வாசல். நிலை வைக்கிற கை சரிவுக்கு இல்லை, மனுஷனுக்குத்தான் இருக்கு. அந்தக் கைக்குச் சுவரை இடிக்காமலே, அளந்து அறுத்து, வாசல் வைக்கவும் தெரியும்.

ஆகவே, சரிவுக்குப் பின் புதுவாழ்வு வரலாம், சரிவால் வருவதில்லை. சமுதாயச் சரிவு பேரழிவுக்கு முன்னுரையே. அதை முடிவுரை ஆகவிடாமல் தடுத்தவர்கள் பேரம் பேசத் துணிந்த மனிதர்களே என்று தீர்ப்புக் கூறுகிறேன்.