பழத்திலிருந்து முன்னங்கால் வரை

கனிந்து கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் சின்னஞ்சிறு பழ ஈயைப் பார்க்காதவர் இருக்க முடியாது. டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்பது அதன் அறிவியல் பெயர். அந்த இனத்துப் பெண்ணின் மேனியில் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. அதிலுள்ள ஒரு மூலக்கூறின் கதை இது. பெயர் 7,11-ஹெப்டாகோசாடையீன், 27 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி, இரண்டு இடங்களில் இரட்டைப் பிணைப்பு.

ஈ தின்ற பழச்சர்க்கரையிலும் கொழுப்பிலும் இதன் பிறப்பு தொடங்குகிறது. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஈனோசைட் என்ற செல்கள் வரிசையாக இருக்கின்றன, அவைதான் பட்டறை. முதலில் 16 கார்பன் கொண்ட கொழுப்பமிலம். அதில் டிசாட்1 என்ற மரபணு தரும் நொதி முதல் இரட்டைப் பிணைப்பை இடுகிறது. இரண்டாவதை இடுவது டிசாட்-எஃப். இந்த மரபணு ஆணுக்கும் உண்டு, ஆனால் அவனிடம் உறங்குகிறது. பால் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் டபுள்செக்ஸ் மரபணுவின் பெண் வடிவப் புரதம்தான் அதை எழுப்புகிறது. பிறகு எலோ-எஃப் சங்கிலியை நீட்டிக்கொண்டே போகிறது. 28 கார்பன் ஆனதும் சிஒய்பி4ஜி1 வந்து ஓர் அணுவைக் கழிக்கிறது; அது கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. மிஞ்சுவது 27. இந்தக் கடைசி நொதியின் குடும்பம் பூச்சிகளுக்கே உரியது. ஈனோசைட்டில் இதை முடக்கினால் ஈயின் மேல் மெழுகே சேராது. வறண்ட காற்றில் ஈரம் இழந்து மடியும். உடலின் தண்ணீரைக் காக்கும் வேலிதான் பேச்சாகவும் ஆகியிருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

கூட்டிலிருந்து வெளிவந்த அன்றே இது தோலுக்கு வருவதில்லை. இளம் ஈக்கள் ஆணோ பெண்ணோ இன்னும் நீண்ட சங்கிலிகளையே சுமக்கின்றன. ஓரிரு நாளில் பருவம் எய்தும்போதுதான் நம் மூலக்கூறு மேலே திரள்கிறது.

எல்லா ஊர்ப் பெண் ஈக்களிலும் இது முதன்மையாக இல்லை. ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் டிசாட்2 என்ற இன்னொரு மரபணு விழித்திருப்பதால், பல பெண் ஈக்களில் இரட்டைப் பிணைப்புகள் 5, 9 என இடம் மாறி நிற்கின்றன. பிற இடங்களில் டிசாட்2-க்கு முன்னுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் 16 டி.என்.ஏ. எழுத்துகள் உதிர்ந்து, அந்த மரபணு ஊமையாகிவிட்டது. அந்த இழப்பில்தான் 7,11 கோலோச்சுகிறது.

இது காற்றில் எளிதில் பரவாது; தொட்டால்தான் தெரியும். ஆண் ஈ நெருங்கி முன்னங்காலால் பெண்ணைத் தட்டுகிறான். காலிலுள்ள சுவை மயிர்கள் மூலக்கூறை உணர்கின்றன. அவன் மெலனோகாஸ்டர் என்றால் சிறகை விரித்துப் பாடத் தொடங்குவான். நெருங்கிய உறவினமான சிமுலான்ஸ் ஆண் என்றால் விலகிப் போவான். 2009-இல் கனடாவில் ஜோயல் லெவினின் குழுவினர் ஈனோசைட்டுகளை மட்டும் அழித்த ஈக்களை உருவாக்கினார்கள். மெழுகில்லாத அந்தப் பெண்களிடம் வேற்றின ஆண்களும் காதல் ஆட்டம் ஆடினார்கள். 7,11-ஹெப்டாகோசாடையீனை மட்டும் திரும்பப் பூசியதும் இன வேலி மறுபடி எழுந்தது.

கூடல் முடிந்தபின் பெண்ணின் மேனியில் புது விருந்தாளி ஒன்று ஒட்டியிருக்கிறது: ஆணின் தோலிலிருந்து வந்த, 23 கார்பன் கொண்ட 7-டிரைகோசீன். அடுத்து வரும் ஆணின் முன்னங்கால் இரண்டையும் சேர்த்தே தொடுகிறது.