எண் மாறாமல் இடம் மாறிய கதை



இன்று ஒரு கருவியின் வரலாற்றையும், அதைவிட மேலாக, அக்கருவியோடு ஒட்டிய ஓர் எண்ணின் வரலாற்றையும் பார்க்கப் போகிறோம்.

லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொலைபேசி என்பது தோட்ட ஆபீசிலும் துரை பங்களாவிலும் இருந்த பொருள். வெளியூரில் சாவு என்றால் செய்தி ஆபீசுக்கு வரும். கிராணியார் லயத்துக்கு ஆள் அனுப்புவார். செய்தி வந்து சேரும்போது சில வேளை அடக்கமே முடிந்திருக்கும். தொழிலாளிக்கு அடையாளக் கார்டில் எண் உண்டு. தொலைபேசியில் அவருக்கென்று எண் கிடையாது.

அக்காலத்தில் தொலைபேசியை நடத்தியது அரசாங்கத்தின் தொலைத்தொடர்பு இலாகா. 1987இல் அது நிறுவனமாக மாற்றப்பட்டது. இலாகா ஒன்று, கம்பி ஒன்று. ‘வேறு நிறுவனத்துக்கு மாறலாமா?’ என்ற கேள்விக்கே அன்று இடமில்லை.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் கையடக்கமான கம்பியில்லாத் தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். மலேசியாவில் 1985இல் ‘ஆத்தூர்’ எனப்பட்ட நடமாடும் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அது வசதி படைத்தவர்களின் கார்களோடு நின்றது. 1990களின் நடுவில் எண்முறைச் சேவை வந்து, பல நிறுவனங்கள் போட்டியில் இறங்கிய பிறகே கைத்தொலைபேசி மெல்ல மெல்லத் தோட்டத்துக்குள் நுழைந்தது. 012 என்றால் மெக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்கோம் என்று சிறுபிள்ளையும் சொல்லும் காலம் அது.

இங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் மின்கம்பி வேலை கற்றுக்கொண்டு, சிரம்பானிலும் நீலாயிலும் வீடு வீடாகச் சென்று பிழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேனின் பக்கத்தில் தம் எண்ணை எழுதியிருக்கிறார். அவருடைய கடையும் முகவரியும் அந்த எண்தான். வேறு நிறுவனத்தில் கட்டணம் குறைவு. வேலை செய்யும் இடத்தில் அலையும் நன்றாகக் கிடைக்கிறது. ஆனால் நிறுவனம் மாறினால் எண்ணும் போய்விடும். எண் போனால் வாடிக்கையாளர் போவார். வாடிக்கையாளர் போனால் பிழைப்பு போகும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு பழைய இடத்திலேயே இருப்பார். போட்டி இருந்தும் அதன் பலன் அவருக்கு எட்டவில்லை.

இந்தக் கட்டை அவிழ்த்தது எண் பெயர்வு முறை. சிங்கப்பூர் 1997இலேயே இதற்கு வழி வகுத்தது. மலேசியாவில் 2008இல் நடப்புக்கு வந்தது. இந்தியா முழுவதற்கும் 2011 ஜனவரியில் வந்தது. எந்த எண் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று பொதுப் பதிவேடு ஒன்றில் குறிக்கப்படுகிறது. அழைப்பு அந்தக் குறிப்பின்படி வழி தேடிக்கொள்கிறது. 012 என்று தொடங்கும் எண் மெக்சிசில்தான் இருக்கும் என்று இன்று சொல்ல முடியாது. 2022இல் செல்கோமும் டிஜியும் ஒன்றாக இணைந்தன. நிறுவனத்தின் பெயர் மாறியது. வாடிக்கையாளரின் எண் மாறவில்லை.

கருவியை மாற்றவும் காலம் கட்டாயப்படுத்தியது. 2021 இறுதிக்குள் மலேசியாவில் மூன்றாம் தலைமுறை அலைவரிசைச் சேவை மூடப்பட்டது. இணையத்துக்கு அதையே நம்பியிருந்த பழைய கருவிகள் பயனிழந்தன. 2012இல் மைடெக்சி என்று பிறந்து பின்னர் கிரேப் ஆன சேவையில் வண்டி ஓட்டுபவருக்குத் திறன்பேசியே வேலைத்தளம்.

மாற நினைக்கும் நேயர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். முதலில், நண்பரின் சிம் கார்டை வாங்கிப் போட்டு, வீட்டிலும் வேலைக்காட்டிலும் புதிய நிறுவனத்தின் அலை கிடைக்கிறதா என்று பாருங்கள். பட்டணத்தில் நன்றாக வருவது செம்பனைக் காட்டுப் பள்ளத்தில் வராமலும் போகலாம். பழைய பாக்கியும் ஒப்பந்தமும் இருந்தால் தீர்த்துவிட்டு, அடையாளக் கார்டுடன் புதிய நிறுவனத்திடமே விண்ணப்பியுங்கள். முன்கட்டணத்தில் மிச்சமிருக்கும் பணம் கூட வராது, செலவழித்துவிடுங்கள். கருவியையும் நிறுவனத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வங்கியின் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். நீங்கள் மாற்றக் கேட்காமலே உங்கள் சிம் கார்டு திடீரென்று செத்துப்போனால், உடனே நிறுவனத்துக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

நெகிரி செம்பிலானில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயம் இடிந்தது, கோயில் இடம் பெயர்ந்தது, ஒரே வரிசையில் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். தோட்டத்தின் பெயரை எழுதிக் கடிதம் போட்டால் இன்று போய்ச் சேராது. ஆனால் அக்காளும் தம்பியும் மனப்பாடமாக வைத்திருக்கும் அந்த எண்ணுக்கு அழைத்தால் இன்றும் குரல் கேட்கும். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும், அந்த எண்ணைக் கைவிடாமல் காப்பாற்றுங்கள்.