செருப்பைத் தேடும் நேரம்

திருச்சியிலிருந்து காரில் சென்னைக்குத் திரும்பிக் கொண்டிருக்கிறீர்கள். போகும்போது இருந்த உற்சாகம் இப்போது வண்டியில் இல்லை. முறுக்குப் பொட்டலம் காலி. பின்சீட்டில் குழந்தைகள் அரைத் தூக்கம். ‘இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?’ என்ற கேள்விக்குக் கிலோமீட்டரில் பதில் சொல்லிப் பாருங்கள்... யாருக்கும் திருப்தி இருக்காது. ‘மதுராந்தகம் ஏரி வந்தாச்சு’ என்று சொல்லுங்கள். நிமிர்ந்து உட்காருவார்கள்!

அந்த ஏரிக்கரையில் கொஞ்சம் நிதானியுங்கள். 1790-களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸுக்கு இந்தக் கரை பெரிய தலைவலி. மழைக்காலத்தில் உடைத்துக்கொண்டால் பாசனம் போச்சு, கம்பெனிக்கு வர வேண்டிய வரியும் போச்சு. தாயார் சந்நிதிக்குத் திருப்பணி கேட்டு வந்தவர்களிடம், ‘முதலில் உங்கள் சாமி கரையைக் காப்பாற்றட்டும், பார்க்கலாம்’ என்றாராம் துரை. கொட்டும் மழையில் ராத்திரி கரையைப் பார்க்கப் போனவர், வில்லும் கையுமாக இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பதைக் கண்டு உறைந்து போனார் என்பது ஊரார் சொல்லும் கதை. ஏரிகாத்த ராமர் என்ற பெயருக்குக் காரணம் இதுதான். சந்நிதியில் பிளேஸின் பெயர் கல்வெட்டாகவே இருக்கிறது. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஜில்லாவின் ஏரிகளுக்கு அக்கறையோடு மராமத்து பார்த்த மனுஷர் அவர். கூடை கூடையாக மண் சுமந்தவர்களின் பெயர்தான் அந்தக் கல்வெட்டில் இல்லை.

செங்கல்பட்டு, வண்டலூர், தாம்பரம் எல்லாம் சட்டென்று ஓடிவிடும் (டிராஃபிக் தயவு வைத்தால்!). அப்புறம் பல்லாவரம். நீங்கள் எரிச்சலோடு ஹாரன் அடிக்கும் இதே ஊரில்தான், 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் ஒரு சரளைக் குழியிலிருந்து கல் ஒன்றைப் பொறுக்கினார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. அதே வருடம் ஃபூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கண்டறிந்த இடம், திருவள்ளூர் பக்கம் உள்ள அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது.

இதோ, பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியது இங்கிருந்துதான். 100 அடி நீள எஃகுச் சங்கிலியை மாற்றி மாற்றிப் போட்டு, பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் அடிக்கோடு. நீங்கள் அரை மணியில் கடந்துவிடும் தூரத்துக்கு அவருக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. அந்தக் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த சர்வே இமயமலை வரை போய், 1856-ல் எவரெஸ்ட்டின் உயரத்தை 29,002 அடி என்று அறிவித்தது. லாம்ப்டன் அதைப் பார்க்கவில்லை. யார்க்ஷயரில் பிறந்தவர், அளந்துகொண்டே போய், 1823-ல் வார்தா அருகே ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறையும் அங்கேதான்.

கத்திப்பாரா வளைவு வந்துவிட்டது. குழந்தைகளை எழுப்புங்கள். சீட்டுக்கு அடியில் செருப்பு ஒன்று எப்படியும் காணாமல் போயிருக்கும்.