குப்பைத் தொட்டிக்குப் பெயர் கொடுத்த கலெக்டர்

“டஸ்ட்பின்னில் போடு” என்கிறோம். அந்த ‘டஸ்ட்’ வீட்டுத் தூசி இல்லை; லண்டன் அடுப்புகளின் நிலக்கரிச் சாம்பல். 19ஆம் நூற்றாண்டில் செங்கல் சூளைக்காரர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கிக் களிமண்ணில் கலந்தார்கள். லண்டன் தன் குப்பையையே சுட்டு வீடு கட்டிக்கொண்டது.

கடலைத் தாண்டினால் பாரிஸ். அங்கே குப்பை தெருவில்தான் கொட்டப்பட்டது. இரவானால் முதுகில் கூடை, ஒரு கையில் லாந்தர், மறு கையில் கொக்கியோடு ஒரு கூட்டம் வரும். கந்தல் காகித ஆலைக்கு, எலும்பு பொத்தானுக்கும் பசைக்கும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த நம்மூர்க்காரர்களுக்கு இவர்கள் தூரத்துப் பங்காளிகள்.

இந்த ஏற்பாட்டின் குறுக்கே வந்தவர் எழேன் பூபெல். சட்டப் பேராசிரியராக இருந்து, பாரிஸ் அடங்கிய சேன் மாவட்டத்தின் நிர்வாகத் தலைவரானவர். நம் கணக்கில் கலெக்டர். 1883 நவம்பரில் ஓர் ஆணை போட்டார்: கட்டட உரிமையாளர்கள் மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும். அதுவும் மூன்று! மக்கும் கழிவுக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று. (சிப்பிக்கென்று தனி இடம் ஒதுக்கும் அளவுக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள்.) செலவு என்று உரிமையாளர்கள் முனகினார்கள், பிழைப்பு போயிற்று என்று குப்பை பொறுக்குவோர் கொதித்தார்கள். பத்திரிகைகளோ பெட்டிக்கு அவர் பெயரையே வைத்துக் கிண்டலடித்தன. கிண்டல் அகராதியில் ஏறிவிட்டது. இன்றும் பிரெஞ்சில் குப்பைத் தொட்டி ‘பூபெல்’தான். தொட்டி நிலைத்தது. பிரித்துப் போடுவது மட்டும் நிலைக்கவில்லை.

1930களில் அமெரிக்காவின் நாக்ஸ்வில்லில் டெம்ப்ஸ்டர் சகோதரர்கள், லாரியே தூக்கிக்கொள்ளும் பெட்டியைச் செய்து, தங்கள் பெயரைக் கொஞ்சம் திருகி ‘டம்ப்ஸ்டர்’ என்றார்கள். 1950ல் கனடாவின் வின்னிபெக்கில் ஹாரி வாசிலிக் பிளாஸ்டிக் குப்பைப் பையைச் செய்து முதலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு விற்றார். வசதிதான். ஆனால் மக்குவதையும் மக்காததையும் ஒரே முடிச்சில் கட்டிவைப்பதில் இந்தப் பைக்கு இணை கிடையாது.

பூபெலின் மூன்று தொட்டி 2016ல் இந்தியாவின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் மறுபடி தலைகாட்டியது: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. பாரிஸ் ஆணைக்கு 133 ஆண்டு கழித்து! வீட்டில் மூன்றாகப் பிரித்ததைத் தெருவில் ஒரே வண்டியில் கொட்டினால் மறுநாள் யார் பிரிப்பார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அதற்குப் பதில் சொன்ன ஊர் இந்தூர். 1920களில் ஆல்பர்ட் ஹோவர்ட் செடிக்கழிவையும் சாணத்தையும் அடுக்கி உரமாக்கும் முறையை வகுத்ததும் இதே ஊரில்தான். ‘இந்தூர் முறை’ என்றே அதற்குப் பெயர். இப்போது வாசலுக்கு வரும் வண்டியிலேயே தனித்தனி அறைகள். தெருமுனைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் ஆலை 2022ல் திறக்கப்பட்டது; அதிலிருந்து வரும் எரிவாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன.