வாயுவை இனங்காணும் ஒளி: கருவி சிறுத்தது, அளவீடு யாருக்கு?

ஒஸ்லோவின் வடகிழக்கு எல்லையில், தமிழர்கள் பலரும் வாழும் க்ரோருட் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது ஹவுகன்ஸ்டுவா. 1985 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நொர்ஸ்க் எலெக்ட்ரோ ஒப்டிக் என்ற நிறுவனம், இதனை அடுத்துள்ள லோரன்ஸ்கூக் நகராட்சியில் பல ஆண்டுகள் இயங்கியது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளில் பொருத்தப்படும் லேசர் நிறமாலைமானிகளே அது உலகச் சந்தைக்கு அளித்த முக்கியமான தயாரிப்புகளில் ஒன்று.

ஒவ்வொரு வாயுவும் ஒளியின் குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டுமே உறிஞ்சுகிறது. அமோனியாவை இனங்காண ஏறத்தாழ 1.5 மைக்ரோமீட்டர் அலைநீளம் பயன்படுகிறது. மின்னோட்டத்தைச் சற்றே மாற்றி, சிறிய டையோடு லேசரை அந்த அலைநீளத்திற்கு இசைவிக்கலாம். புகைபோக்கியின் ஒருபுறத்திலிருந்து ஒளி பாய, மறுபுறத்திலுள்ள உணரி அதில் குறைந்த அளவைக் கணக்கிடுகிறது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வாயுவும் இவ்வாறு சிக்கிவிடும்.

முன்பு வாயுவைக் குழாய் வழியே உறிஞ்சியெடுத்துச் சோதிப்பதே வழக்கமாக இருந்தது. ஆனால் அமோனியா குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் அளவீடு பிழைத்தது. இக்குறையை லேசர் நீக்கியது. எனினும், ஒரு லேசர் பெரும்பாலும் ஒரு வாயுவையே அறியும். அடர்ந்த தூசு அதன் ஒளியை மறைத்துவிடும்.

இந்தியாவில் மாசு மிகுந்த 17 வகைத் தொழில்கள் தமது வெளியேற்றத்தைத் தொடர்ந்து அளக்க வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 இல் பணித்தது. உரத் தொழிலும் அவற்றுள் அடங்கும். ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, சென்னைக்கு அருகே எண்ணூரில் அமோனியா வெளியேறியது புகைபோக்கியிலிருந்து அல்ல. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து. மூச்சுத்திணறலோடு மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 24 மணிநேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்பதே அங்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு.

நோர்வேயின் 2003 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தகவல் சட்டம், அரச அமைப்புகளிடம் மட்டுமன்றித் தனியார் நிறுவனங்களிடமும் நேரடியாகத் தகவல் கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முதன்மையாக அரச அமைப்புகளையே கட்டுப்படுத்துகிறது.

கருவியை இறக்குமதி செய்துவிடலாம். அதை எங்கே பொருத்துவது, அதன் அளவீட்டை யார் காண்பது என்பவை அரசியல் முடிவுகள். அவை எடுக்கப்படாதவரை, கசிவை முதலில் அறியும் கருவியாக எண்ணூர் மக்களின் மூக்கே இருக்கும்.