தற்காலிகத்தின் வயது

தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன என்ன? மழைக்கு ஒதுங்கும் திண்ணை, திருவிழாப் பந்தல், வெள்ளம் வடியும்வரை பள்ளிக்கூடத்தில் படுக்கை. கும்மிடிப்பூண்டியிலே அச்சொல்லுக்குப் பொருளே வேறு! சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த அவ்வூரில்தான், ஈழப் போருக்குத் தப்பிக் கடல் கடந்த தமிழர்க்கென 1990-இல் ஒரு முகாம் எழுந்தது. அன்று தாயின் இடுப்பிலே வந்த குழந்தை, இன்று தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது. முகாம் இன்னும் முகாம்தான்.

“எல்லாம் அவர்கள் தலையெழுத்து” என்று பெருமூச்செறிவோர் உண்டு. தலையெழுத்தன்று தோழர்களே, கோப்பெழுத்து! அதை எழுதிய கைகள் எவை, எந்த ஆண்டில் எழுதின என்று நம்மால் காட்ட முடியும்.

அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, தனியொருவன் தன் இனத்தாலோ மதத்தாலோ கொள்கையாலோ வேட்டையாடப்படுவதை மனத்திற்கொண்டு வரையப்பட்டது. ஊரோடு ஓடிவருவோரை என் செய்வது? வியட்நாமியர் படகுகளிலே தத்தளித்தபோது உலகம் திகைத்தது. 1981-இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் செயற்குழு, பெருந்திரளாய் வருவோரைத் தற்காலிகமாகவேனும் உள்ளே விடவேண்டும் என்றது. யுகோஸ்லாவியப் போரின்போது, 1992-இல், ஐரோப்பா அந்த முறையைக் கைக்கொண்டது, 2001-இல் சட்டமாக்கிற்று. ஓராண்டுக் காப்பு, நீட்டித்தால் மூன்றாண்டு எல்லை. அதனோடு வேலை செய்யும் உரிமை, பிள்ளைகட்குக் கல்வி. இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய அச்சட்டம், 2022 மார்ச்சில் உக்ரேனியர்க்காகக் கண்விழித்தது. எல்லையைத் தாண்டி அதுவும் நீள்கிறது என்பது வேறு செய்தி. ஆயினும் அவ்வாறு எல்லை தாண்டி நீட்டும்போதெல்லாம் அங்கே அமைச்சர்கள் கூடி, நாள் குறித்துச் சொல்லியாக வேண்டும்.

இங்கே? இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றவில்லை. அயல்நாட்டார் சட்டம் 1946-இல், வெள்ளையன் ஆட்சியில் பிறந்தது. சுற்றுலாவுக்கு வந்தவனும் குண்டுக்குத் தப்பி வந்தவளும் அதன் கண்ணுக்கு ஒன்றே. 1983 சூலைப் படுகொலைக்குப் பின் படகுகள் இராமேசுவரம் கரையைத் தொட்டபோது கதவைத் திறந்தது சட்டமன்று, தமிழகத்தின் நெஞ்சம். சோறும் கூரையும் கிடைத்தன. எல்லாம் அரசாணையால் வந்தவை. ஆணையால் வந்தது ஆணையால் போகும் அன்றோ? 1987 ஒப்பந்தத்தை அடுத்துப் பலர் திரும்பினர். 1990-இல் போர் மீண்டும் மூள, மீண்டும் படகேறினர். 1991-இல் இராஜீவ் காந்தி கொலையுண்டார். பழி, கொலையோடு தொடர்பற்ற குடிசைகள் மீதும் விழுந்தது. 1992 சனவரியில் திருப்பியனுப்பும் கப்பல்கள் புறப்பட்டன. விரும்பித்தான் போகிறார்களா என்று கேட்க ஐ.நா. ஆணையம் சென்னைக்கு வரவேண்டியதாயிற்று!

குடியுரிமைக் கணக்கைப் பாருங்கள். 1987 சூலை முதல் நாளுக்குப் பின் இந்நாட்டில் பிறந்தவர் பிறப்பால் குடிமகனாக, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்கவேண்டும். 1990-இல் எழுந்த முகாமில் பெற்றோர் இருவரும் ஏதிலியராயின், பிள்ளை பிறந்த ஊர் கும்மிடிப்பூண்டி, நாடு? 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைக் குறித்து, மதத்தைக் கேட்டுக் கதவு திறந்தது. இலங்கை அதில் இல்லை. இந்துவைக் காக்கப் பிறந்த சட்டம் என்று முழங்கினோர், ஈழத்து இந்துவைக் கண்டதும் வாய்மூடினர்.

மலையகத்தார் கதை இன்னும் கொடிது. அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆடு பிரிப்பதுபோல் பிரித்தனர். அக்குடும்பங்களில் போருக்கு அஞ்சி ஓடிவந்தோரும் இங்கே ‘அயலார்’ ஆயினர்! 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அத்தகைய அறுபத்தைவரின் குடியுரிமை விண்ணப்பங்களை ஏற்று ஆராயச் சொன்னது.

2021-இல் தமிழக அரசு புதிய வீடுகளை அறிவித்தது. அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. வரவேற்கிறோம், ஒழுகாத கூரை சிறு செய்தியன்று. ஆனால் குடியுரிமை வழங்கும் பேனா தில்லியில் இருக்கிறது. அங்கே 1946 சட்டம் நீங்கி, 2025 செப்டம்பரில் புதுச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2015 சனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமைக்குத் தண்டனை இல்லை என்றார்கள். வாக்குச்சீட்டு எப்போது என்று அந்த ஆணை சொல்லவில்லை.