மன்றம் கூடாத நகரின் வரவு செலவு

2022 மார்ச் 31, நிதியாண்டின் கடைசி இரவு. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் பெங்களூரு மாநகராட்சியின் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சத்தமில்லாமல் இணையத்தில் ஏற்றப்பட்டது. மதிப்பு சுமார் 10,480 கோடி ரூபாய். அதை வாசித்து அளிக்க நிதி நிலைக்குழுத் தலைவர் இல்லை. மேசையைத் தட்ட ஆளுங்கட்சி வரிசை இல்லை. வெளிநடப்புச் செய்ய எதிர்க்கட்சியும் இல்லை. 198 வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10 அன்றே முடிந்திருந்தது. எந்தப் பணிக்கு எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது என்று எழுந்து நின்று கேட்கும் உரிமை பெற்ற ஒருவர்கூட அன்றிரவு அந்நகரில் இல்லை.

ஆங்கிலத்தின் 'பட்ஜெட்' என்ற சொல்லுக்கு மூலம் தோல் பையைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல். பைக்குள் இருப்பதைத் திறப்பவர்தாம் அறிவார். தமிழின் 'வரவு செலவு', கன்னடத்தின் 'ஆயவ்யய' ஆகிய இரண்டும் இணைச்சொற்கள். இரண்டிலும் வரவு முன்னே நிற்கிறது, செலவு பின்னே வருகிறது. பெங்களூரு மாநகராட்சியின் அண்மைக்கால வழக்கமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. அதற்கு வருமுன் பழைய கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும்.

1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டத்தின்படி, 1862இல் பெங்களூரில் ஒன்றல்ல, இரண்டு நகராட்சிகள் தோன்றின. ஒன்று கன்னடம் ஒலித்த பழைய 'பேட்டெ'க்கு. மற்றொன்று 1809க்குப் பின் படைமுகாமைச் சுற்றி வளர்ந்த 'தண்டு' பகுதிக்கு. படைகளோடும் வணிகத்தோடும் வந்து குடியேறிய தமிழர்கள் பெருகி வாழ்ந்தது இந்தத் தண்டில்தான். 1881இல் மைசூர் மீண்டும் உடையார் வசம் சென்றபோதும் தண்டு பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆளுகையிலேயே நீடித்தது. ஒரே ஊருக்குள் இரண்டு கருவூலங்கள், இரண்டு வரிப் பட்டியல்கள். 1898இல் பிளேக் பரவியபோது கிருமி இந்த எல்லையை மதிக்கவில்லை. இரு நிர்வாகங்களும் சாக்கடைக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் செலவிட்டே ஆகவேண்டியதாயிற்று. 1949இல்தான் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன.

இணைந்த மாநகராட்சிக்குச் சொந்த வருவாயின் ஒரு பெரும் தூண் ஆக்ட்ராய், அதாவது நகருக்குள் நுழையும் சரக்கின் மீதான சுங்கம். வணிகர்கள் வெறுத்த வரி அது. சாவடிகளில் நிகழ்ந்த லஞ்சமும் தாமதமும் ஊரறிந்தவை. 1979இல் கர்நாடகம் அதை ஒழித்தது. இழப்புக்கு ஈடாக மாநில அரசு மானியம் அளித்தது. நியாயமான சீர்திருத்தம்தான் என்றாலும், அதன் பின்விளைவைக் குறைத்து மதிப்பிடலாகாது: அதுவரை தானே தண்டிய பணத்தை, அன்று முதல் கேட்டுப் பெறும் நிலைக்கு மாநகராட்சி இறங்கியது. எஞ்சிய பெரிய வரி சொத்துவரி. வீட்டுக்காரரே கணக்கிட்டுச் செலுத்தும் முறை 2000இல் வந்தபின் அதன் வசூல் உயர்ந்தது.

அந்த ஆண்டுகளில் ஓர் அரிய இடைவெளி திறந்தது. கணக்கு முறை நவீனப்படுத்தப்பட்டது. 2002இல் ஜனாக்ரஹா, பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர், வாய்சஸ், அக்ஷரா ஆகிய நான்கு அமைப்புகள் 'ப்ரூஃப்' என்ற இயக்கத்தைத் தொடங்கின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை பொதுமக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. மாநகராட்சிப் பள்ளிகளின் செயல்பாட்டை அளக்கும் குறியீடுகளும் அதில் இடம்பெற்றன. படித்த நடுத்தர வகுப்பின் இயக்கம் என்று அதைக் குறை கூறியோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. எனினும் அடுத்த பத்தாண்டுகளில் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டால் அது பொற்காலமாகவே தோன்றும்.

நிகழ்ந்தது இதுதான். 2007இல் ஏழு நகராட்சிகளையும் ஒரு பேரூராட்சியையும் 110 கிராமங்களையும் விழுங்கி மாநகராட்சி பெருத்தது; தேர்தலோ 2010இல்தான் நடந்தது. அதன்பின் அமைந்த மன்றங்களில் ஆண்டுதோறும் ஒரே நாடகம் அரங்கேறியது. நிலைக்குழுத் தலைவர் ஒரு தொகையை அறிவிப்பார். விவாதம் முடியும்போது அது மேலும் வீங்கியிருக்கும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் தம் வார்டுக்கு ஒரு சாலை, ஒரு வடிகால் வேண்டும். செலவை முதலில் எழுதி, அதற்கு ஏற்ற வரவைப் பின்னர் கற்பனை செய்வார்கள். மாநில அரசின் ஒப்புதலுக்குச் செல்லும்போது கத்தரி விழும். அதற்குத் தப்பியவற்றுக்கும் பணியெண் கிடைக்குமே தவிரப் பணம் கிடைத்துவிடாது. ஒப்பந்ததாரர்களின் பில்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. தேங்கினாலும் அவர்களுக்குச் சங்கமும் வழக்கறிஞரும் உண்டு. மகப்பேறு மருத்துவமனைக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் அப்படி எவரும் இல்லை. ஆகவே குறைப்பு பெரும்பாலும் அறிவிக்கப்படாமலே அவற்றின் மேல் இறங்கியது.

கடன் சுமையில் கட்டடங்கள் ஹட்கோவிடம் அடமானமாயின. 1883இல் எழுந்த, தண்டு நகராட்சியின் அடையாளமான மேயோ ஹாலும், பழைய பேட்டெயின் ஓரத்தில் நிற்கும் கே.ஆர். மார்க்கெட்டும் ஒரே அடமானப் பட்டியலில் இடம்பெற்றன.

2017 ஆகஸ்டில் இந்திரா உணவகங்கள் தொடங்கின. காலை உணவு 5 ரூபாய், பகலிலும் இரவிலும் 10 ரூபாய். சென்னை மாநகராட்சி 2013இல் தொடங்கிய அம்மா உணவகமே முன்மாதிரி. 174 வார்டுகளில் நிலையான உணவகம், இடம் கிடைக்காத 24 வார்டுகளில் நடமாடும் உணவகம். விடியற்காலையில் தெருப்பெருக்கும் பௌரகார்மிகர்களும் கட்டடத் தொழிலாளரும் ஆட்டோ ஓட்டுநரும் அங்கே வரிசையில் நின்றனர். தொடக்க ஆண்டுகளில் மாநில அரசு பணம் தந்தது. 2019இல் ஆட்சி மாறியபின் அந்தப் பங்கு வற்றியது. சுமை மாநகராட்சியின் மேல் விழுந்தது. உணவகங்களை மூடுகிறோம் என்று எவரும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. பில் தேங்கியது, உணவகங்கள் சில ஒவ்வொன்றாக அடங்கின. 2023இல் மீண்டும் ஆட்சி மாறியபோதுதான் அவற்றுக்குப் புத்துயிர் தரும் பேச்சு எழுந்தது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் மன்றமே இல்லை.

இது தற்செயலன்று. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது 74ஆம் திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த கட்டளை. 2020 டிசம்பர் 4 அன்று 198 வார்டுகளிலும் தேர்தல் நடத்துமாறு கர்நாடக உயர்நீதிமன்றம் ஆணையிட்டது; அதே மாதம் 18ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. வார்டுகள் 243 ஆயின, பின்னர் 225 ஆயின. எல்லை மாறும்போதெல்லாம் தேர்தல் தள்ளிப்போனது. கட்சிகள் மாறின, இந்த வசதியை விரும்பாத கட்சி இல்லை.

சென்னை சிரிக்க இதில் இடமில்லை. அங்கும் 2016 முதல் 2022 வரை மன்றம் இருக்கவில்லை. ஆனால் 2022இல் மன்றம் மீண்டபின், அம்மா உணவகங்களின் இழப்பு மன்றத்துக்குள் பேசுபொருளாயிற்று. மூடச் சொல்பவர் யார், காக்கச் சொல்பவர் யார் என்பதை மக்கள் பெயரோடு அறிய முடிந்தது.

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி கலைந்து ஐந்து மாநகராட்சிகளாயிற்று. அவற்றுக்கு மேலே பெருநகர பெங்களூரு ஆணையம். அதன் தலைவர் முதலமைச்சர். 1949இல் ஒன்றான கருவூலம் இப்போது ஐந்து. ஐந்தும் தொடங்கிய நாளில் ஒன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இருக்கவில்லை.